சாப்பாட்டு ஃபாரமும் வைஃபையும்

அமெரிக்காவுல இருக்கிற மக்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் உங்க ஃபோன் பில்லை எடுங்க. மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுட்டு மூடிடாம, கீழே பொடி எழுத்துல வரி, கட்டணம்னு ஒரு பட்டியல் இருக்கும், அங்கே வாங்க. "யூனிவர்சல் சர்வீஸ்"னு ஒரு வரி இருக்கா? பத்துப் பேர் சேர்ந்து "ஃபேமிலி" ப்ளான் போட்டிருக்கிற மாணவச் செல்வங்களுக்கு, பில் யார் பேர்ல வருதோ அவர்கிட்ட கேளுங்க :-)

அந்தக் காசுல ஒரு பங்கு ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடங்களுக்கு இன்டர்நெட்டா போய்ச் சேருது. எப்படிப் போகுது, எங்கே நிக்குது, போகாத இடத்துல என்ன நடக்குதுங்கிறதுதான் இந்தப் பதிவு. இந்த செமஸ்டர் பப்ளிக் ஃபைனான்ஸ் வகுப்புக்காக இதைத்தான் தோண்டிக்கிட்டிருந்தேன். புரொஃபசருக்கு எழுதினதை நாலு பேருக்கும் சொல்லலாமேன்னு ஒரு நல்லெண்ணம்.

டிஸ்கி: பதிவு நீளம். காபியோ டீயோ போட்டுக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல வீட்டு வரி

நம்ம ஊர்ல அரசுப் பள்ளின்னா மாநில அரசு நடத்தும். வாத்தியார் சம்பளம் சென்னையிலிருந்து வரும், மதுரையில இருந்தாலும் சரி, மண்டபத்துல இருந்தாலும் சரி. இங்கே அப்படி இல்லை. "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்"னு சின்னச் சின்னதா பிரிச்சு வெச்சிருக்காங்க. பள்ளிச் செலவுல பெரும் பங்கு மாநிலமும் அந்தந்த டிஸ்ட்ரிக்ட்டும் போடுது. டிஸ்ட்ரிக்ட் போடுற காசு பெரும்பாலும் அந்த ஏரியா வீடு, கடைகள் மேல விழுற சொத்து வரி. வீட்டு விலை அதிகமா இருக்கிற இடத்துல பள்ளிக்கும் காசு அதிகம். அவ்வளவுதான் சூத்திரம்.

இதை எதிர்த்து ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கு. நான் படிக்கிற இதே டெக்சாஸ்லதான். சான் அன்டோனியோ ஊர்ல எட்ஜ்வுட்னு ஒரு டிஸ்ட்ரிக்ட். பெரும்பாலும் மெக்சிகன் வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். அதே ஊர்ல அலமோ ஹைட்ஸ்னு இன்னொண்ணு, வசதியானவங்க ஏரியா. டெமெட்ரியோ ரோட்ரிகஸ்ங்கிற அப்பாவும் இன்னும் சில பெற்றோர்களும் 1968-ல வழக்குப் போட்டாங்க. கோர்ட் ஏத்துக்கிட்ட 1967-68 கணக்கைப் பாருங்க:

எட்ஜ்வுட்ல 100 டாலர் சொத்து மதிப்புக்கு வரி 1.05 டாலர். அலமோ ஹைட்ஸ்ல 85 சென்ட். அதாவது ஏழை ஏரியாவுலதான் வரி விகிதம் அதிகம்! ஆனா அந்த வரி மூலமா ஒரு மாணவனுக்குன்னு கிடைச்சது எட்ஜ்வுட்ல 26 டாலர், அலமோ ஹைட்ஸ்ல 333 டாலர். மாநிலப் பணம், மத்திய அரசுப் பணம் எல்லாம் சேர்த்த பிறகும் 356-க்கு 594.

"ஏழைங்க வரி கட்டறதில்லை, அதான் பள்ளி மோசம்"னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டலாம். சதவீதத்துல அதிகமா கட்டியும் கைக்கு வந்தது பத்துல ஒரு பங்குகூட இல்லை.

1973-ல உச்ச நீதிமன்றம் 5-க்கு 4-ன்னு பெற்றோர்களுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. கல்வி, அமெரிக்க அரசியல் சட்டம் நேரடியா உறுதி தர்ற அடிப்படை உரிமை இல்லைங்கிறது தீர்ப்போட சாரம். அதுக்கப்புறம் சண்டை மாநிலக் கோர்ட்டுகளுக்குப் போச்சு. 1989-ல டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் மாநிலத்தோட நிதி முறை செல்லாதுன்னு சொல்ல, 1993-ல பணக்கார டிஸ்ட்ரிக்ட் வரியில ஒரு பங்கை எடுத்து மத்தவங்களுக்குக் கொடுக்கிற "ராபின் ஹூட்" சட்டம் வந்தது. இடைவெளி குறைஞ்சது, மறையலை.

கம்ப்யூட்டர், இன்டர்நெட் எல்லாம் வந்து உட்கார்ந்தது இந்த அஸ்திவாரத்து மேலதான்.

இ-ரேட் வந்த கதை

1994-ல அமெரிக்க அரசுப் பள்ளிகள்ல 35 சதவீதத்துக்குத்தான் ஏதோ ஒரு வகையில இன்டர்நெட் இருந்தது. வகுப்பறைக் கணக்கு எடுத்தா வெறும் 3 சதவீதம். 1996-ல தொலைத்தொடர்புச் சட்டம் வந்தப்போ, பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தள்ளுபடி விலையில இணைப்பு தரணும்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. 1998-ல நடைமுறைக்கு வந்தது. அதுதான் இ-ரேட். 2005-ல அந்த 3 சதவீதம் 94 சதவீதமாச்சு. அரசாங்கத் திட்டம் எதுவும் உருப்படாதுன்னு சொல்றவங்க இந்த ஒரு எண்ணை மனசுல வெச்சுக்கலாம்.

இதுக்குப் பணம் பட்ஜெட்லருந்து வரலை. தொலைபேசிக் கம்பெனிகள் மாநிலம் விட்டு மாநிலம், நாடு விட்டு நாடு போற சேவை வருமானத்துல ஒரு சதவீதத்தை ஒரு நிதியில போடணும். அவங்க அதை அப்படியே நம்ம பில்லுல ஏத்திடுவாங்க. அந்த நிதியிலருந்து நாலு திட்டம் ஓடுது: கிராமப்புற இணைப்பு, ஏழைகளுக்கான தொலைபேசிச் சலுகை, கிராம மருத்துவமனைகள், பள்ளி-நூலகம்.

ஒரு சிக்கல். மக்கள் பழைய மாதிரி "கால்" பண்றது குறைஞ்சு எல்லாம் டேட்டா ஆயிடுச்சு. இன்டர்நெட் சேவை வருமானம் இந்தக் கணக்குல வராது. குளம் வத்த வத்த அதே அளவு தண்ணி இறைக்கணும்னா? சதவீதம் ஏறிக்கிட்டே போகும். 2025-ல அது 36-ஐத் தாண்டியாச்சு. இந்த நிதியே சட்டவிரோதம்னு ஒரு வழக்கும் போச்சு. 2025 ஜூன்ல உச்ச நீதிமன்றம் 6-க்கு 3-ன்னு நிதி செல்லும்னு சொல்லிடுச்சு. தலை தப்பிச்சது. வத்துற குளம் அப்படியேதான் இருக்கு.

சாப்பாட்டு ஃபாரம்

இப்பத்தான் தலைப்புக்கு வர்றேன்.

இ-ரேட்ல எல்லாருக்கும் ஒரே தள்ளுபடி கிடையாது. 20 சதவீதத்திலருந்து 90 சதவீதம் வரை. யார் எவ்வளவு ஏழைன்னு எப்படி முடிவு பண்றாங்க? பள்ளியில எத்தனை பிள்ளைகள் இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி உள்ளவங்கன்னு பார்த்து! நூத்துக்கு 75 பேர், அதுக்கு மேலன்னா 90 சதவீதத் தள்ளுபடி. 50-லருந்து 74-ன்னா 80. ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கிற நகரத்துப் பணக்காரப் பள்ளிக்கு 20. டிஸ்ட்ரிக்ட் முழுக்கச் சேர்த்துக் கணக்குப் போடறதால, பணக்கார டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு ஏழைப் பள்ளிக்குத் தனிச் சலுகை கிடையாது.

நான் படிச்ச பள்ளியில சத்துணவுக்கு யாரும் வருமானச் சான்றிதழ் கேட்டதில்லை. தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நின்னா போதும். இங்கே குடும்ப வருமானத்தை எழுதி ஒரு ஃபாரம் கொடுக்கணும். வறுமைக்கோட்டு அளவுல 130 சதவீதம் வரைக்கும் இலவசம், 185 வரைக்கும் சலுகை விலை. அந்த ஃபாரத்துல பெரியவங்க ஒருத்தரோட சோஷியல் செக்யூரிட்டி எண்ணுல கடைசி நாலு இலக்கம் கேட்பாங்க. இல்லைன்னா "இல்லை"ன்னு டிக் பண்ணலாம்.

அந்த "இல்லை"யை டிக் பண்ண ஒரு அம்மாவுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிங்க. விசா பேப்பர் நிரப்பும்போது ஒரு கட்டம் தப்பாயிடுமோன்னு நமக்கே கை நடுங்குது. பேப்பரே இல்லாத குடும்பம் என்ன பண்ணும்? ஃபாரத்தைக் கொடுக்காம விட்டுடும். ஹைஸ்கூல் பசங்க கதை வேற. "ஃப்ரீ லன்ச்" பையன்னு பேர் வாங்கக்கூடாதுன்னு ஃபாரத்தை வீட்டுக்கே கொண்டு போறதில்லை.

விளைவு? பசியோட உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளை கணக்குல வராது. கணக்குல வராததால டிஸ்ட்ரிக்ட்டோட ஏழ்மைச் சதவீதம் குறையும். அந்தச் சதவீதம் ஒரு படி இறங்கினா இன்டர்நெட் தள்ளுபடியும் இறங்கும். கேன்டீன்ல விட்டுப்போன ஒரு காகிதம் கம்ப்யூட்டர் லேப் வரைக்கும் வந்து அடிக்குது.

இதைச் சரி பண்ண 2010-ல ஒரு சட்டம் வந்தது. 2014-15 கல்வியாண்டிலருந்து நாடு முழுக்க அமல். அரசாங்கத்தோட உணவு உதவித் திட்டம் மாதிரியானவற்றுல ஏற்கெனவே இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளை நேரடியா எண்ணி, அது குறிப்பிட்ட அளவுக்கு மேல இருந்தா பள்ளியில எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு. ஃபாரமே கிடையாது. இ-ரேட் கணக்குக்கு அந்த எண்ணை 1.6-ஆல பெருக்கிக்கணும். நூத்துக்கு 50 பேர்னா 80-ன்னு ஆகும், 90 சதவீதத் தள்ளுபடி கிடைச்சுடும். அருமையான ஏற்பாடு.

ஆனா அந்த எண்ணிக்கை உணவு உதவிப் பட்டியலை நம்பி நிக்குது. 2025 ஜூலைல வந்த சட்டம் உணவு உதவிக்கான வேலை நிபந்தனைகளை இறுக்கிடுச்சு. 14 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பிள்ளைகளோட பெற்றோருக்கும் இப்ப அது பொருந்தும். பட்டியலிலருந்து ஒரு குடும்பம் விழுந்தா, வேற வழியில தகுதி இல்லாத பட்சத்துல, அந்த வீட்டுப் பிள்ளை இந்தக் கணக்கிலருந்தும் விழும். அதை 1.6-ஆல பெருக்கிப் பாருங்க. சட்டம் போட்டவங்க யாரும் வைஃபையைப் பத்தி யோசிச்சிருக்க மாட்டாங்க.

யானை வந்தது, அங்குசம்?

இ-ரேட் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் லைன் கொண்டு வரும். உள்ளே வைஃபை பெட்டி, ஸ்விட்ச், ஒயர் வாங்க உதவும். ஆனா பிள்ளை கையில இருக்கிற லேப்டாப்புக்கு ஒரு சென்ட் தராது. ரிப்பேர் பண்ற ஆளுக்குச் சம்பளமும் தராது.

ஒரு கணக்குப் போடுவோம். 600 பிள்ளைகள் படிக்கிற பள்ளி. 2021-லருந்து 2025 வரைக்கான ஐந்தாண்டுச் சுற்றுல உள்கட்டமைப்புக்கு ஒரு மாணவனுக்கு 167 டாலர்னு உச்சவரம்பு. 600 பேருக்கு 1,00,200 டாலர். இந்த வகைக்கு அதிகபட்சத் தள்ளுபடி 85 சதவீதம். பள்ளி கையிலருந்து போடவேண்டியது 15,030 டாலர், அஞ்சு வருஷத்துக்கு. எப்படியாவது புரட்டிடலாம்.

இப்ப லேப்டாப். ஒண்ணு 300 டாலர்னு வெச்சுக்குவோம். 600 பேருக்கு 1,80,000. அஞ்சு வருஷம் உழைக்கும்னா வருஷத்துக்கு 36,000 டாலர். நின்னுபோகாத செலவு. அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி முதல்லருந்து. இதுக்குன்னு தனிப் பணம் எங்கே?

"டைட்டில் ஒன்"னு ஒரு மத்திய நிதி இருக்கு. 1965-ல லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டது. அவரே இளவயசுல டெக்சாஸ்ல கொட்டுலாங்கிற ஊர்ல ஏழை மெக்சிகன் பிள்ளைகளுக்கு வாத்தியாரா இருந்தவர். 2024 நிதியாண்டுல அந்த நிதி சுமார் 1,840 கோடி டாலர். கேட்கப் பெருசா இருக்கும். வாசிப்பு ஆசிரியர், உதவி ஆசிரியர், மாலை வகுப்புன்னு போனா நாடு முழுக்கப் பிரிச்சதுல யானைப் பசிக்குச் சோளப்பொரி. தொழில்நுட்பத்துக்குன்னே இருந்த மத்திய மானியம் ஒண்ணு 2011-ல நின்னுபோச்சு. அப்புறம் 2015 சட்டத்துல வந்த இன்னொரு மானியத்துல தொழில்நுட்பத்துக்கு ஒதுக்குற பங்குல 15 சதவீதத்துக்கு மேல கருவி, கட்டமைப்பு வாங்கக்கூடாதுன்னு விதி.

மிச்சம் யார் தலையில விழுது? வாத்தியார் தலையில. 2014-15-ல அரசுப் பள்ளி ஆசிரியர்கள்ல 94 சதவீதம் பேர் சொந்தக் காசு போட்டு வகுப்புக்குப் பொருள் வாங்கியிருக்காங்க, அப்படிச் செலவு பண்ணவங்க சராசரி 479 டாலர்னு அரசாங்கக் கணக்கே சொல்லுது. 2025-ல வரியில கழிச்சுக்க அனுமதி இருந்தது 300 டாலர்.

வெள்ளமும் வறட்சியும்

2020-ல கொரோனா வந்தது. பள்ளிகள் மூடினது. அந்த ஆகஸ்ட்ல கலிஃபோர்னியா சலீனாஸ்ல ரெண்டு சின்னப் பொண்ணுங்க டாக்கோ பெல் கடைக்கு வெளியே தரையில உட்கார்ந்து, கடை வைஃபைல வீட்டுப்பாடம் செஞ்ச ஃபோட்டோ நாடு முழுக்கச் சுத்தினது. சிலிக்கான் பள்ளத்தாக்கிலருந்து கார்ல போற தூரம்தான்.

அதுக்கப்புறம் பணம் கொட்டினது. மூணு சட்டங்கள் வழியா பள்ளிகளுக்கு மொத்தம் சுமார் 19,000 கோடி டாலர். தனியா லேப்டாப், ஹாட்ஸ்பாட் வாங்க 717 கோடி டாலர் அவசர நிதி, லேப்டாப்புக்கு 400 டாலர் வரை. வீட்டு இன்டர்நெட்டுக்கு மாசம் 30 டாலர் சலுகை, 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் வாங்கினாங்க. ஏழைப் பிள்ளை கையிலயும் ஒரு லேப்டாப் வந்தது.

அப்புறம்? 2024 ஜூன் 1-ஓட அந்த 30 டாலர் நின்னுச்சு. ஜூன் 30-ஓட அவசர நிதி மூடியாச்சு. பெரிய நிதியில மிச்சத்தை ஒதுக்கி முடிக்கக் கெடு செப்டம்பர் 30. பள்ளிகள் ஹாட்ஸ்பாட் கடன் கொடுக்க இ-ரேட் உதவும்னு 2024-ல எஃப்.சி.சி. சொன்னது. 2025 செப்டம்பர்ல அதே எஃப்.சி.சி. அதை ரத்து பண்ணிடுச்சு.

நான் வாரம் ஒருநாள் தன்னார்வலரா ஒரு மிடில் ஸ்கூலுக்குப் போறேன். பேர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் பராமரிப்புக்கு ஒரே ஒரு ஆள். அவரே இன்னும் ரெண்டு பள்ளிக்கும். மேஜை மேல உடைஞ்ச க்ரோம்புக் அடுக்கு. ஒண்ணுல திரை போயிருக்கும், ஒண்ணுல கீ போர்டு. ரெண்டைப் பிரிச்சு ஒண்ணாக்குவார். நான் ஸ்க்ரூ பொறுக்கிப் போடுற ஆள் :-)

ஒருநாள் கேட்டேன், "இதெல்லாம் எப்ப வாங்கினது?"

"எல்லாமே ஒரே வருஷம். அதான் பிரச்சினை. எல்லாமே ஒரே வருஷம் சாகும்."

அவர் சொன்னது மிகையில்லை. க்ரோம்புக்குக்குக் காலாவதித் தேதி உண்டு. நீங்க வாங்கின நாள்லருந்து இல்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாள்லருந்து. 2020 அவசரத்துல கிடைச்சதை வாங்கினவங்க, பாதி ஆயுள் முடிஞ்ச பழைய மாடலையும் வாங்கினாங்க. 2023-ல ஒரு நுகர்வோர் அமைப்பு இதைப் பத்தி அறிக்கை விட்டு சத்தம் போட்ட பிறகு, கூகுள் 2021-லருந்து வந்த மாடல்களுக்குப் பத்து வருஷம் அப்டேட்னு அறிவிச்சது. பழசுகளுக்கும் நீட்டிக்க வழி கொடுத்தது. நல்ல விஷயம். ஆனா மென்பொருள் பத்து வருஷம் ஓடும், ஏழாவது படிக்கிற பையன் பையில கீல் பத்து வருஷம் தாங்குமா?

அதே பள்ளியில ஒரு பொண்ணு. கடைசி மணி அடிச்சதும் பஸ்ஸுக்கு ஓடாம நூலகச் சுவரோரம் நிக்கும். வீட்டுல நெட் நின்னுபோச்சு. அன்னைக்கு வேண்டிய பாடத்தையெல்லாம் அங்கேயே நின்னு இறக்கிக்கும். பஸ் டிரைவர் அவளுக்காக ரெண்டு நிமிஷம் காத்திருப்பார்.

காசு மட்டும் போதுமா?

போதாது. 2013-ல லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் எல்லாப் பிள்ளைக்கும் ஐபேட்னு கிளம்பினது. மொத்தத் திட்டம் சுமார் 130 கோடி டாலர். பாடத்தோட சேர்த்து ஒண்ணு 768 டாலர். கட்டடம் கட்ட வாங்கற நீண்டகாலக் கடன் பத்திரத்துலருந்து பணம். நாலஞ்சு வருஷத்துல பழசாகிற பொருளுக்கு, பேரன் காலத்துல அடையுற கடன்! கொடுத்த சில நாள்லயே பசங்க பூட்டை உடைச்சு ஃபேஸ்புக் போயிட்டாங்க. (நம்ம இனம்!) பாடம் முழுசா தயாராகலை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி பத்தலை. 2014-ல ஒப்பந்தத்தை நிறுத்தினாங்க, தலைமை அதிகாரி ராஜினாமா.

எதிர்ப்பக்கம் மெய்ன் மாநிலம். 2002-லயே ஆளுநர் ஆங்கஸ் கிங் முயற்சியில மாநிலம் முழுக்க ஏழாம் வகுப்புக்கு லேப்டாப். எந்த ஊர், எவ்வளவு சொத்து வரின்னு பார்க்காம, மாநிலமே வாங்கிக் கொடுத்தது. பயிற்சியும் பராமரிப்பும் சேர்த்தே திட்டம் போட்டாங்க. நம்ம ஊர்ல 2011-ல ஜெயலலிதா ஆரம்பிச்ச இலவச லேப்டாப்பும் எல்லாருக்கும்ங்கிற அளவுல அதே யோசனைதான். என் முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதை "ஓசி லேப்டாப்"னு கிண்டல் பண்ணிப் பேசற வாட்ஸ்அப் பெரியவங்களுக்கு: அது இல்லாம நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். கம்ப்யூட்டரை இன்னும் எல்லாரும் "வாங்கற" பொருளாவே பார்க்கிறாங்க. ஒருதடவை மானியம், ஒருதடவை நன்கொடை, ஸ்டிக்கர் ஒட்டி ஒரு ஃபோட்டோ. அது கரண்ட் பில் மாதிரி. வருஷா வருஷம் வரும். பணக்கார டிஸ்ட்ரிக்ட் அதை வருஷா வருஷம் வரியில கட்டிடுது. ஏழை டிஸ்ட்ரிக்ட் அடுத்த மானியத்துக்குக் காத்திருக்கு, இல்லைன்னா அடுத்த கொரோனாவுக்கு.

கடைசியா நம்ம மக்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நாம வீடு பார்க்கும்போது முதல்ல பார்க்கிறது என்ன? ஸ்கூல் ரேட்டிங். பத்துக்கு ஒன்பது இருந்தா எவ்வளவு விலைன்னாலும் பரவாயில்லை. பிள்ளைக்கு நல்லது தேடறதுல தப்பே இல்லை, நாளைக்கு நானும் தேடுவேன். ஆனா அந்த ஒன்பதுக்குப் பின்னாடி வீட்டு விலை இருக்குங்கிறது தெரிஞ்சிருக்கணும். அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூணு ரேட்டிங் பள்ளியில பிள்ளைங்க மக்கு இல்லை, அங்கே ஒரே ஆள் மூணு பள்ளிக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டிருக்கார். பள்ளி போர்டு கூட்டம் யாரும் போகலாம், பேசலாம். பாண்டு ஓட்டு வரும்போது குடியுரிமை வாங்கினவங்க மறக்காம போடுங்க. சாப்பாட்டு ஃபாரம் வந்தா, தகுதி இருந்தா, வெட்கப்படாம நிரப்பிக் கொடுங்க. உங்க பிள்ளை டிஃபன் டப்பால தயிர்சாதமே கொண்டு போனாலும் சரி. சாப்பிடறது வேற, கணக்குல வர்றது வேற.

உங்க ஊர்ல, உங்க நாட்டுல இதெல்லாம் எப்படி நடக்குது? சிங்கப்பூர், கனடா, இங்கிலாந்து மக்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க. வாத்தியார் வேலை பார்க்கிற பதிவர் யாராவது இருந்தா கண்டிப்பா எழுதுங்க, நான் படிச்சதைவிட நீங்க பார்த்தது அதிகம் இருக்கும்.

பி.கு.: அடுத்த பதிவு மொக்கையா இருக்கும்னு உறுதியளிக்கிறேன். ஃபைனல்ஸ் வருது.